20-ஆவது இடத்தோட நின்ன பாட்டு

நீல் டென்னன்ட், கிறிஸ் லோ ரெண்டு பேர் சேர்ந்த இங்கிலாந்து பாப் குழு பெட் ஷாப் பாய்ஸ். அவங்க பேரை ஆரம்பிச்சாலே "ஓ, வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்"னு சொல்லி அதோட முடிச்சிடுவாங்க. தப்பில்ல, பாட்டு அப்படி. ஆனா அதுவே மொத தடவை எடுபடல. நீல் டென்னன்ட் அப்போ 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகைல வேலை பாத்துட்டு இருந்தாரு, 1983ல 'தி போலீஸ்'ங்கற ராக் பேண்டை பேட்டி எடுக்க நியூயார்க் போன சாக்குல பாபி ஆர்லாண்டோங்கற புரொட்யூசரை பிடிச்சிட்டாரு, அவர் பண்ணின வெர்ஷன் 1984ல வந்துச்சு, இங்கிலாந்துல யாரும் சீண்டல. அப்புறம் ஸ்டீபன் ஹேக்ங்கற இன்னொரு புரொட்யூசர் புதுசா ரெக்கார்ட் பண்ணாரு, 1986 ஜனவரில இங்கிலாந்துல நம்பர் ஒன், மே மாசம் அமெரிக்காலயும் நம்பர் ஒன்.

அந்த ரெண்டாவது வெர்ஷனை ஹெட்ஃபோன்ல கேளுங்க. மொதல்ல தெரு சத்தம், யாரோ நடந்து போற சத்தம், அப்புறம்தான் மெதுவா பேஸ் உள்ள வரும். பாம்பேல வடாலா ஸ்டேஷன் பிரிட்ஜுல கூட்டத்தோட கூட்டமா இறங்கிட்டே கேட்டா எது பாட்டு எது ஜனம்னே தெரியாது. டென்னன்ட் வேற கத்தவே மாட்டாரு, பக்கத்து சீட்டு ஆளுகிட்ட பேசற மாதிரி பாடிட்டு போயிடுவாரு. கிறிஸ் லோ பின்னாடி தொப்பி போட்டுட்டு சிரிக்காம நிப்பாரு, அவ்ளோதான் அவரோட டான்ஸ் :)

1987 அவங்க வருஷம். இங்கிலாந்து சார்ட்ல 'இட்ஸ் எ சின்' நம்பர் ஒன், பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டை கூட்டிட்டு வந்து பாடவெச்ச பாட்டு ரெண்டாவது இடம், கிறிஸ்துமஸுக்கு 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' மறுபடி நம்பர் ஒன். 88ல 'ஹார்ட்', அது நாலாவது நம்பர் ஒன். அப்புறம் 'டாமினோ டான்சிங்' ஏழாவது இடத்தைத் தாண்டல, நம்ம ராஜ்ஜியம் முடிஞ்சுதுன்னு டென்னன்டே நினைச்சாராம்.

நான் சொல்ல வந்தது இதுக்கு அப்புறம் வந்ததைப் பத்தி. 1990, 'பீயிங் போரிங்'. சார்ட்ல 20 வரைக்கும்தான் வந்துச்சு. ஆனா நம்பர் ஒன் நாலையும் ஒரு பக்கம் வெச்சா கூட எனக்கு இதுதான் மேல. பழைய பார்ட்டி இன்விடேஷன் ஒண்ணு கைல கிடைக்குது, அடுத்து எழுபதுகள்ல வீட்டை விட்டு கிளம்பற பையன், கடைசில தொண்ணூறுகள், கூட இருந்தவங்கள்ல சில பேர் இல்ல. எய்ட்ஸ்ல செத்துப்போன ஃபிரண்டை நினைச்சு எழுதினது, ஆனா பாட்டுல அந்த வியாதி பேரே வராது, அழுகையும் கிடையாது, பீட் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். ஊரை விட்டு இங்க பாம்பேக்கு வேலைக்கு வந்த நம்ம ஆளுங்களுக்கு ரெண்டாவது சரணத்தை விளக்கவே வேணாம், சூட்கேசோட தாதர்ல இறங்கினவன் எல்லாருக்கும் அது தெரியும். இதெல்லாம் எப்படி 20ல நின்னுச்சுன்னு இன்னிக்கும் எனக்கு கடுப்பு.

புதுசா கேக்கறவங்க 2023ல வந்த 'ஸ்மாஷ்' தொகுப்பை எடுங்க, 1985லேருந்து 2020 வரைக்கும் 55 சிங்கிள், வருஷ வரிசைல. 90களுக்கு வந்தா 'கோ வெஸ்ட்' வரும், வில்லேஜ் பீப்பிள் பாட்டு, இவங்க 1993ல திரும்ப பண்ணி ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு, நான் ஸ்கிப் பண்ணிடுவேன். என் சித்தப்பா பையனுக்கு அதுதான் உசுரு, மாதுங்கால அவன் ரிசப்ஷன்ல டிஜேகிட்ட சொல்லி போடவெச்சான், மொதல்ல மொறைச்ச மாமிங்க ரெண்டாவது கோரஸ்லயே கை தட்ட ஆரம்பிச்சாச்சு, அதுலேருந்து என்கிட்ட ஒரே அலட்டல்.