பாசி மேயும் பிளென்னி புதுசா விடுறவங்களுக்கு

உப்புத்தண்ணித் தொட்டியில லான்மோவர் பிளென்னிங்கற பாசி மேயுற மீனை விடப்போறீங்கன்னா முதல்ல அதோட வயித்தைப் பாருங்க. உள்ளே ஒட்டியிருந்தா பட்டினிதான். புதுத் தொட்டியில மேயப் பாசி இருக்காது, இந்த மீனு சாகுறதே பெரும்பாலும் அதனாலதான். பின்கண்ணாடியில படியுற பாசியைத் தயவுசெஞ்சு சுரண்டாதீங்க, அது மேயட்டும். நோரித் தாளை (காய வச்ச கடல்பாசித் தாள்) ஒரு கல்லுல ரப்பர் வளையம் போட்டு அடியில வைங்க. மிச்சத்தை மறுநாளே எடுத்துரணும், அழுகுனா நைட்ரேட் ஏறும். தாளைச் சீண்டாத மீனுக்கு ஸ்பைருலினா (ஒரு வகை நுண்பாசி) கலந்த உறைதீனி குடுங்க.

நம்ம பாளையங்கோட்டை வெயிலுக்கு விசிறி வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆனா தண்ணி ஆவியாகி உப்பு கூடும். அந்தக் குறைவுக்கு ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, உவரியில பிடிச்ச கடல்தண்ணி வேண்டாம். தண்ணியோட ஒப்படர்த்தி (நல்ல தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) 1.025-ல நிக்கணும். மேல வலை கட்டாயம், துள்ளி வெளிய விழுந்துரும்.