தவறிக் கலந்த செல்கள்

இன்று முழுக்க எலிசபெத் நியூஃபெல்ட் நினைவாகவே இருக்கிறது. தாவரச் சர்க்கரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அப்புறம் ஹர்லர், ஹன்டர் என்ற பரம்பரை நோய்கள் பக்கம் வந்தார். செல்லின் கழிவைச் சிதைக்கும் லைசோசோமில் ஒரு நொதி குறைந்தால், நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தேங்கிக்கொண்டே போகும். பிஞ்சுக் குழந்தையின் எலும்பு, இதயம் எதையும் விடாது.

அமெரிக்காவில் அவருடைய ஆய்வகத்தில் இரு நோய்களின் தோல் செல்களும் தவறுதலாகக் கலந்துவிட்டன. பார்த்தால், தேக்கம் சரியாகியிருக்கிறது! ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுத்திருக்கிறது. 1968-இல் அதை வெளியிட்டார்கள். கொடுக்கப்பட்டது நொதிதான் என்பது பிறகு தெரிந்தது.

வெளியிலிருந்து கொடுத்தாலும் செல் வாங்கிக்கொள்ளும் என்ற அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹர்லர் குழந்தைகளுக்கான நொதி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2003-இல். இடையில் 35 ஆண்டுகள். காத்திருந்த பெற்றோரை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ரத்தத்தில் ஏற்றும் அந்த மருந்தும் மூளைக்குள் போதிய அளவு போவதில்லை.