பட்டறைக்கு ஏற்ற பாட்டு

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். காலையில் வந்ததும் ரேடியோவில் கொடைக்கானல் பண்பலையைப் போட்டுவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைப்போம். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமென்டில் கரைத்த சாயத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். அந்த நேரத்தில் கை லேசாக ஆடினாலும் சிவப்பு போய் மஞ்சளில் கலந்துவிடும். அந்தக் கல் அவ்வளவுதான்.

அதனால் என்ன பாட்டு ஓடுகிறது என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. குத்துப்பாட்டு வந்தால் இளவட்டங்களின் தோள் தானாக ஆடும். எல்லோருக்கும் உயிரான பாட்டு வந்தாலோ அச்சைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. படம் பேர் ஞாபகம் இருக்காது, பாடியவர் யாரென்று தகராறு வரும், ஆனால் மெட்டு மட்டும் பழகினது. அது பாட்டுக்கு ஓடும், கை பாட்டுக்கு வேலை பார்க்கும். எனக்கு அந்தப் பாட்டுகள் மேல் பெரிய மரியாதை.

தன் வீட்டுக்குக் கல் பார்க்கப் பட்டறைக்கு வந்த ஒருவர், "இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு நல்ல வீணைக் கச்சேரி போடலாமே" என்றார். காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணை பேர்பெற்ற சீமை இது. "வீணைன்னா உட்கார்ந்துல்ல கேட்கணும், அய்யா" என்றேன். மண் சலிக்கிற சத்தத்துக்கு நடுவே அதை ஓடவிட்டால் கல்லுக்கும் கேடு, வீணைக்கும் அவமரியாதை.

பிபிசி 1940இல், போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காகவே ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. 1967 வரை ஓடியது. கைதட்ட வைக்கும் பாட்டு ஒன்றை அதில் சேர்க்காமல் விட்டார்களாம்; வேலையாட்கள் கையில் இருக்கும் கருவியால் இயந்திரத்தில் தாளம் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலாளி இப்போது பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். "அண்ணே, நம்ம பாட்டா போடலாம்ணே" என்று தம்பிகள் ஆசைப்பட்டார்கள். நியாயமான ஆசைதான். சரி, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கே தோள் ஆடினால் ஒன்றும் கெடாது. அச்சுப் பக்கம் ரேடியோதான்.