எல்பிஐசி 102 பரீட்சை: ஹோஸ்ட்ஸ் கோப்பில் நான் விட்ட பிழை

லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான எல்பிஐசி-1க்கு 101, 102 என்று இரண்டு பரீட்சை. நேற்றுக் கொழும்பில் 102ஐ இரண்டாம் தடவை எழுதினேன். 610, பாஸ். முதல் தடவை 480 எடுத்துவிட்டு, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து இறங்கும்வரை அம்மாவுக்கு ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. நேற்று மண்டப வாசலிலேயே எடுத்துச் சொல்லிவிட்டேன்.

கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். ஆகவே பாடத்திட்டத்தை வைத்து மட்டும் சொல்கிறேன்.

பாஸாக 500 வேணும், முதல் தடவை எனக்கு 20 போதாமல் போனது. நெட்வொர்க்கிங் பகுதிதான் ஆக மோசம். பாடத்திட்டத்தில் 109 அந்தப் பகுதி. அதில் 109.4, கிளையன்ட் பக்க டிஎன்எஸ் (கணினிப் பெயருக்கு முகவரி தேடித் தரும் முறை), எடை (கேள்விகளில் அதன் பங்கு) 2தானே என்று ஒரே இரவில் தாண்டிப்போயிருந்தேன்.

கொக்குவிலில் என் அறையில் இருந்தது ஒரே ஒரு லப்டொப், அதில் உபுண்டு லினக்ஸ். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று நாமே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 192.168.1.20க்கு ‘கடைபிசி’ என்று பெயர் வைத்து, டிஎன்எஸ்ஸிடம் பெயரைக் கேட்கும் டிக் கட்டளையால் கேட்டேன். அதே முகவரி பதிலாக வந்தது. டிக் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படிக்கும் என்று கொப்பியில் எழுதி, இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது முழுப் பிழை. டிக் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. ரிசோல்வ் டொட் கொன்ஃப் என்ற கோப்பில் எந்த டிஎன்எஸ் சேர்வர் இருக்கிறதோ நேரே அதனிடம் போய்க் கேட்கும். உபுண்டுவில் அங்கே இருப்பது 127.0.0.53, அதாவது அதே கணினிக்குள் ஓடும் சிஸ்டம்டி-ரிசோல்வ்ட் என்ற பெயர் தேடும் சேவை. ஹோஸ்ட்ஸைப் படித்துப் பதில் சொன்னது அதுதான். தோற்ற பிறகு, சிநேகிதனின் பழைய டெஸ்க்டொப்பில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டு, அதே வரியை எழுதி டிக் அடித்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. இணைப்பைச் சோதிக்கும் பிங் மட்டும் போனது. அப்போதுதான் விளங்கியது.

பிங், வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் போன்றவை என்எஸ்ஸ்விட்ச் டொட் கொன்ஃப் என்ற கோப்பில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்று தொடங்கும் வரியைப் பார்த்துப் போகின்றன. அதில் ‘ஃபைல்ஸ்’ முதலில் நின்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பு முந்தும், ‘டிஎன்எஸ்’ முதலில் நின்றால் டிஎன்எஸ் முந்தும். இந்த ஒழுங்கின்படியே பெயரைத் தேடிப் பார்க்க வேணுமென்றால் கெட்எண்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளை. டிக் தரும் பதிலையும் இது தரும் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னைப் பாஸ் பண்ண வைத்தது இந்த ஒன்றுதான் என்று சொல்வேன்.

ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் டெஸ்க்டொப்புக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. லப்டொப்பின் ஹோஸ்ட்ஸில் அதற்கு நான் எழுதிய பழைய முகவரி அப்படியே. கேபிள்தான் பழுது என்று அரை மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு ரவுட்டரிலேயே டெஸ்க்டொப்புக்கு முகவரியை நிலையாக ஒதுக்கினேன்.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் மறக்கக்கூடாதவை:
- முகவரி முதலில், பெயர் பிறகு.
- எழுதிய வரி அந்தக் கணினிக்கு மட்டும். பக்கத்து மெஷினுக்கு அது தெரியாது.
- பல பெயர்களை ஒரேயடியாகக் குறிக்க நட்சத்திரக் குறி போட்டால் வேலை செய்யாது. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே எழுத வேணும்.
- டெபியனில் கணினியின் சொந்தப் பெயர் பெரும்பாலும் 127.0.1.1க்குப் போகும். பிழை என்று நினைத்து அழிக்க வேண்டாம்.

102இல் வரும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளைக் கோர்த்து எழுதும் சிறு நிரல்) தினமும் எழுதினால் வரும், அதற்கு என்னிடம் தனி வழி இல்லை. நான் வாசித்து மனதில் நிறுத்துகிற ஆள் இல்லை, உடைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். பொது நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தே 101 பாஸ் பண்ணிய சிநேகிதி இருக்கிறாள். உங்களுக்கும் அது சரிவந்தால் செய்யுங்கள். ஆனால் 109க்கு மட்டும் இரண்டு மெஷின் வேணும், ஒன்று உபுண்டு, மற்றது டெபியன். ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பொக்ஸில் போட்டாலும் போதும்.

90 நிமிடம், 60 கேள்வி. எனக்கு 20 நிமிடம் மிஞ்சியது. அதில் இடைவெளி நிரப்பும் கேள்விகளுக்கு மட்டும் திரும்பிப் போனேன். ஒரு கோப்புப் பெயரில் ஓர் எழுத்து விட்டிருந்தேன். திருத்திவிட்டு எழும்பினேன்.