லேபிள் குறைந்தால் பாதை நிலைக்குமா?

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என்னிடம், சிராங்கூன் சாலையில் சந்திக்கும் நண்பர்கள் தவறாமல் கேட்பது இதுதான்: "எம்பிஎல்எஸ் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே அண்ணே, அதையா ஆராய்ச்சி பண்றீங்க?" எம்பிஎல்எஸ் என்பது, தரவைத் துண்டுகளாக்கி அனுப்பும் ஒவ்வொரு பொதியின் தலையிலும் லேபிள் என்ற சிறு எண்ணை ஒட்டி, அதைப் பார்த்தே வழியனுப்பும் முறை. கிளை அலுவலகங்களை இணைக்க மாதக் கட்டணம் கட்டி வாங்கிய எம்பிஎல்எஸ் சேவையை நிறுவனங்கள் கைவிட்டு, சாதாரண இணையத்தின் மேல் மென்பொருளால் இயங்கும் எஸ்டி-வேன் என்ற இணைப்புமுறைக்கு மாறுவதை வைத்து அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். விற்பனைச் சரக்கு மாறியிருக்கிறது என்பது உண்மை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மைய வலையமைப்புகளுக்குள்ளோ லேபிள் தாங்கிய பொதிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

1990களின் நடுவில் இப்சிலான், சிஸ்கோ, ஐபிஎம், தோஷிபா ஆகியவை தனித்தனியே இந்த லேபிள் எண்ணத்தை முன்வைத்தபோது வேகமே பெரிய நோக்கமாக இருந்தது. ஐபி முகவரியை அட்டவணையிலுள்ள முன்னொட்டுகளோடு (முகவரிகளின் தொடக்கப் பகுதிகளோடு) ஒப்பிட்டு, மிக நீளமாகப் பொருந்துவதைத் தேடுவதைவிட, லேபிளின் 20 பிட் எண்ணைக் கொண்டு நேராக ஓர் இடத்தைப் பார்த்துவிடுவது எளிது. ஆனால் 2001 ஜனவரியில் எம்பிஎல்எஸ்ஸை வரையறுக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3031 வெளிவருவதற்குள், அந்தத் தேடலையே முழு வேகத்தில் செய்யும் சில்லுகள் வந்துவிட்டன. பிறந்த காரணம் போன பின்னும் லேபிள் பிழைத்ததற்கு வேறொரு குணமே காரணம் என்பது என் கருத்து. வழக்கமான ஐபி வலையமைப்பில் சேருமிடத்தை மட்டுமே பார்த்து, வழியனுப்பும் கருவியான ரவுட்டர் முடிவெடுப்பதால், ஒரே இடத்துக்குப் போகும் பொதிகள் எல்லாம் ஒரே வழியில் நெரிகின்றன. லேபிள் இருந்தால், எந்தப் பொதி எந்த வழியில் போக வேண்டும் என்பதை நுழைவாயிலிலேயே தீர்மானித்துவிடலாம்.

அதற்கு முதலில் பயன்பட்ட ஆர்எஸ்விபி-டிஇ என்ற பாதை முன்பதிவு முறையில், ஒவ்வொரு பாதையைப் பற்றிய குறிப்பையும் வழியிலுள்ள எல்லா ரவுட்டர்களும் நினைவில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். 200 விளிம்பு ரவுட்டர்களை ஒன்றோடொன்று இருதிசையிலும் இணைத்தாலே 39,800 பாதைகள் ஆகிவிடும். 2018இல் ஆர்எஃப்சி 8402 வரையறுத்த செக்மென்ட் ரவுட்டிங் இந்தச் சுமையை இறக்கிவைத்தது: போக வேண்டிய பாதையை லேபிள் அடுக்காக எழுதிப் பொதியின் தலையிலேயே வைத்துவிடுவதால், நடுவிலுள்ள ரவுட்டர்கள் பாதைவாரியாக எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு லேபிளும் 4 பைட். ஒரு ரவுட்டர் ஒரே நேரத்தில் எத்தனை லேபிள்களை ஏற்ற முடியும் என்பதற்கு வன்பொருளில் வரம்பு உண்டு. ஆகவே, "இன்ன ரவுட்டர் வரை மிகக் குறுகிய வழியில் போ" என்று பொருள்படும் ஒரு கணு லேபிளைக் கொண்டு பல தாவல்களை (ரவுட்டருக்கு ரவுட்டர் போகும் அடிகளை) சுருக்குகிறோம். அடுக்கு சிறியதாகிறது, ஆனால் மிகக் குறுகிய வழி எது என்பதை அந்தந்த நேரத்து இணைப்பு எடைகள் (ஒவ்வோர் இணைப்புக்கும் இட்ட செலவு எண்கள்) தீர்மானிப்பதால், எங்கோ ஓர் இணைப்பு அறுந்தாலோ எடை மாறினாலோ, அதே அடுக்கு வேறொரு பாதையைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. பொதி போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் எச்சரிக்கை எதுவும் எழாது. சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியாக வரும் இரண்டு ஓட்டங்களை, ஒன்று சிங்கப்பூரின் மேற்கே துவாஸ் பக்கமும் மற்றது கிழக்கே சாங்கி பக்கமும் என்று வேண்டுமென்றே பிரித்து வைத்திருந்தால், அவை இரண்டும் ஒரே கம்பிக்குள் வந்து சேர்ந்ததை அந்தக் கம்பி அறுந்த பிறகே கண்டுபிடிப்போம். ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே பெயர் சொல்லும் லேபிள்களைப் பயன்படுத்தினால் பாதை இப்படி நழுவாது. அடுக்குதான் வரம்பைத் தாண்டிவிடும்.

மிகக் குறைந்த லேபிள்களில் ஒரு பாதையை எழுதும் வழிமுறைகள் ஏற்கெனவே உள்ளன; அவற்றை மேலும் மெருகேற்றுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. வரம்புக்குள் இன்னும் ஓரிரு லேபிள்களுக்கு இடமிருந்தால், பாதை நழுவும் வாய்ப்பைக் குறைக்க அவற்றை எங்கே செருகுவது என்பதே என் ஆய்வுக் கேள்வி. அடிலெய்ட் பல்கலைக்கழகம் தொகுத்த இன்டர்நெட் டோபாலஜி ஜூவிலுள்ள வலையமைப்பு வரைபடங்களில், இணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து இதைக் கணக்கிடுகிறேன். அவை ரவுட்டிங் எடைகளைத் தருவதற்காகத் தொகுக்கப்பட்டவை அல்ல என்பதால் எடைகளை நானே ஊகித்து இடுகிறேன்; ஊகத்தை மாற்றினால் லேபிள் செருகும் இடமும் மாறுகிறது. அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை அளப்பதே இப்போதைய அத்தியாயத்தின் வேலை.