3.8 எங்கிருந்து வந்தது? இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "அண்ணா, தியரி எடுக்கலாமா, எக்ஸ்பெரிமென்ட் எடுக்கலாமா?" என்பதுதான். நான் பாலக்கோட்டில் தமிழ்வழியில் பள்ளி முடித்து, தருமபுரியில் பட்டப்படிப்பு படித்து, பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். நீர்த்துளிகளில் ஆரம்பித்து, இப்போது ஒளி பரவுவதைப் பற்றி வேலை செய்கிறேன். என் பதில் ஒன்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். முதலில் உங்களுக்கென்று ஒரு சின்னக் கேள்வியைப் பிடியுங்கள். அதைக் கையாலும் அளக்க வேண்டும், பேப்பரிலும் கணக்குப் போட வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகள் உங்கள் பிராக்டிகல் ரெக்கார்டிலேயே இருக்கின்றன.

உதாரணத்துக்கு, துளி எடை முறையில் பரப்பு இழுவிசை (நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) காணும் சோதனை. பியூரெட் அல்லது புனலின் அடியில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, 50 சொட்டுகளைப் பிடித்து எடை போடுவோம். ஒரு சொட்டின் நிறை m, குழாயின் வெளி ஆரம் r, புவியீர்ப்பு முடுக்கம் g என்றால் பரப்பு இழுவிசை T = mg/3.8r என்று எழுதி, விடையையும் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுவோம். அந்த 3.8 எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சி நேர்காணலில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டது இதுதான். இன்று நான் யாரிடமாவது பேச ஆரம்பித்தாலும் இதைத்தான் கேட்கிறேன்.

சாதாரணமாக யோசித்தால் அங்கே 2π, அதாவது 6.28 வர வேண்டும். குழாயின் விளிம்பைச் சுற்றி 2πr நீளத்துக்குப் பரப்பு இழுவிசை துளியைத் தாங்குகிறது. எடை அதை மீறியதும் துளி விழுகிறது. ஆனால் முழுத் துளியும் விழுவதில்லை. விழும் முன் அதற்குக் கழுத்து உருவாகி, கழுத்து ஒடுங்கி அறுகிறது. ஒரு பகுதி குழாயிலேயே தங்கிவிடுகிறது. 3.8-ஐ 6.28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.6. தொங்கியதில் சுமார் 60 சதவீதம்தான் கீழே வந்திருக்கிறது. இந்த 3.8-ஐக் கொடுத்தவர் ஆங்கில இயற்பியலாளர் ராலே, 1899-ல். பிறகு 1919-ல் ஹார்கின்ஸ், பிரௌன் என்ற வேதியியலாளர்கள் இருவரும் குழாயின் ஆரத்துக்கும் துளியின் அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்து இந்த எண் மாறும் என்று அளந்து அட்டவணை போட்டார்கள். அதாவது நாம் மாறிலி என்று மனப்பாடம் செய்தது மாறிலியே இல்லை. இது தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இங்கிருந்து நீங்களே தொடரலாம். 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாய்க்கு, தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்று வைத்தால், 50 சொட்டு சுமார் 2.8 கிராம் வரும். கல்லூரித் தராசிலேயே சரிபார்க்கலாம். அப்புறம் கழுத்து அறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அடர்த்தி (ρ), ஆரம், பரப்பு இழுவிசை மூன்றையும் சேர்த்து நேரத்தின் அலகு வரும்படி அமைத்தால் √(ρr³/T) கிடைக்கும். எண்களைப் போட்டால் சுமார் 10 மில்லி விநாடி. இப்போது நிறைய செல்போன்களில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. ஒரு படத்துக்கு 4 மில்லி விநாடி. ஆகவே கழுத்து ஒடுங்குவது இரண்டு மூன்று படங்களிலாவது சிக்க வேண்டும். எடுத்துப் பாருங்கள், சிக்கும். பெரிய துளிக்குப் பின்னால் பொடியாக ஒரு குட்டித் துளி வருவதும் தெரியும். படங்களை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் போட்டுக் கழுத்தின் அகலத்தை அளந்து, நேரத்தோடு வரைபடம் போடலாம். தியரி, எக்ஸ்பெரிமென்ட் இரண்டும் இதற்குள்ளேயே வந்துவிட்டன.

நம் மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. போர்வெல் தண்ணீர் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டுக் காயவிட்டால் ஓரத்தில் வெள்ளை வளையம் படியும். துளியின் விளிம்பு தகட்டில் ஒட்டி நிற்க, அங்கே ஆவியாதல் வேகமாக நடக்க, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடி, இருப்பதையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காபிக் கறை ஓரத்தில் மட்டும் அடர்த்தியாக இருப்பதற்கான இந்த விளக்கம் 1997-ல்தான் வந்தது. கேன் தண்ணீர், ஒகேனக்கல் குடிநீர், போர்வெல் தண்ணீர் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தக் கறையை வைத்து ஃப்ளோரைடு எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதற்கு வேதிப் பரிசோதனைதான் வேண்டும். நம் ஊரில் ஃப்ளோரைடு பெரிய பிரச்சினை என்பதால் அவசரமாக அந்த முடிவுக்குத் தாவத் தோன்றும். தாவக் கூடாது.

சரி, ஒளிக்கு வருவோம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்து i-d வளைகோடு (i படுகோணம், d திசைமாற்றக் கோணம்) வரைந்திருப்பீர்கள். படுகோணத்தை மாற்றிக்கொண்டே போனால் திசைமாற்றக் கோணம் குறைந்து, ஒரு இடத்தில் நின்று, திரும்பக் கூடும். அதே கணக்கை முப்பட்டகத்துக்குப் பதிலாக ஒரு நீர்த்துளிக்குப் போடுங்கள். ஒளி உள்ளே விலகி, பின்சுவரில் ஒருமுறை எதிரொளித்து, மறுபடி விலகி வெளியே வருகிறது. மொத்தத் திசைமாற்றம் 180° + 2i − 4r (இங்கே r விலகு கோணம்). தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்று வைத்தால் இதன் சிறும மதிப்பு சுமார் 138°. அந்த இடத்தில் வளைகோடு தட்டையாக இருப்பதால், பக்கத்துப் பக்கத்துக் கதிர்களெல்லாம் ஒரே திசையில் குவிகின்றன. 180-லிருந்து கழித்தால் 42°. அதுதான் வானவில்லின் கோணம். பிரெஞ்சு அறிஞர் டேகார்ட் 1637-லேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். ஒகேனக்கல்லில் அருவிச் சாரலுக்கு எதிரே, காலையிலோ சாயங்காலமோ வெயில் முதுகில் படும்படி நின்றால் வில் தெரியும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து அது எத்தனை டிகிரி என்று போனிலேயே அளந்து பாருங்கள்.

கணினியில் நாட்டமுள்ளவர்களுக்கு: ஒளியிழைக்குள் (ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) போகும் ஒளித் துடிப்பு, போகப் போகப் பரவி அகலும். ஒளியின் செறிவு கூடும்போது இழையின் ஒளிவிலகல் எண்ணே சற்று மாறுவதால், அந்தப் பரவலை அது தடுத்துப் பிடிக்கவும் முடியும். இரண்டும் சமமானால் வடிவம் மாறாமல் போகும் சாலிட்டான் கிடைக்கிறது. 1973-ல் ஹசகாவா, டாப்பர்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைக் கணக்கில் சொன்னார்கள். 1980-ல் சோதனையில் பார்த்தார்கள். இதற்கான நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு ஆழ்ந்த நீரின் அலைகளுக்கும் பொருந்தும். பைத்தானில் இதைத் தீர்க்கும் நிரல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இந்தத் துறையில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லட்சுமணன் வளர்த்த பரம்பரை பெரியது. வழிகாட்டி தேடும்போது நம் மாநிலத்தை மறந்துவிடாதீர்கள்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், விவரம் எல்லா இடத்திலும் கிடைக்கும். பி.எஸ்சி. முடிப்பவர்களுக்கு எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு. எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சிக்கான சிஎஸ்ஐஆர் நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள். ஜாமில் பெர்னூலி தேற்றம் வரை பாய்மம் (நீர், காற்று போல ஓடும் பொருள்களின் இயற்பியல்) உண்டு. நெட் பாடத்திட்டத்தில் பாய்மம் பெயருக்குக்கூட இல்லை, ஆனால் பிழை பரவலும் (அளவீட்டுப் பிழை விடையை எவ்வளவு பாதிக்கும் என்ற கணக்கு) குறைந்த வர்க்கப் பொருத்தமும் (அளந்த புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைக் காணும் முறை) இருக்கின்றன. மேலே சொன்ன சோதனையை ஒழுங்காகச் செய்தவருக்கு அந்தக் கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. மற்றபடி மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகள் ஆகிய ஐந்தையும் விட்டுவிட்டு ஒரு தேர்வையும் தாண்ட முடியாது. என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகள் இலவசம். நான் அவற்றில்தான் மெக்கானிக்ஸை உண்மையாகப் படித்தேன். வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்?" என்று கேட்டால், நெட் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் இடம்) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்று சொல்லுங்கள். 2023 முதல் அதுதான் தொகை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

தமிழ்வழியில் வந்தவர்கள் பயப்படுவது இங்கிலீஷுக்கு. நெட் வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வரும், ஆகவே பழைய வினாத்தாள்களை இங்கிலீஷிலேயே போட்டுப் பழகுங்கள். நேர்காணலில் இலக்கணம் பார்ப்பதில்லை. சாக்பீஸை எடுத்துத் துளியை வரைந்து, கழுத்தில் அம்புக்குறி போட்டு விசையைக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். முதல் தடவை மட்டும் ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பெங்களூர் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. தருமபுரியிலிருந்து ரயில் உண்டு, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பஸ்தான். இந்திய அறிவியல் கழகம் வருடம் ஒருமுறை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாளில் போய், ஆய்வகங்களில் நிற்கும் மாணவர்களிடம் பேசுங்கள். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மே மாதம் நினைவு வந்து பிரயோஜனமில்லை.

விஞ்ஞானிகளுக்கு மெயில் எழுதும்போது, "எனக்கு இயற்பியலில் மிகுந்த ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி எழுதும் மெயில்கள் அவர்களுக்கு நிறைய வருகின்றன. என்ன அளந்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், எங்கே பொருந்தவில்லை, அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது என்று நாலு வரி போதும். கூடவே பிழைக்கோடுகளோடு (ஒவ்வொரு அளவீட்டிலும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று காட்டும் கோடுகள்) வரைந்த ஒரே ஒரு வரைபடம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.