எண்ணாமல் எழுதிய 20

“மூச்சைக் கவனிக்கச் சொல்லாதீர்கள் மேடம். ராத்திரி முழுக்க அதைத்தானே செய்துவிட்டு வருகிறேன்.”

மற்றவர்கள் சவாசனத்தில் கண்மூடிக் கிடந்தார்கள். அந்தச் செவிலிப் பெண் மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருந்தேன், அவள் கழற்றவில்லை. முகப்பு மணிக்கட்டின் உட்புறம் வரும்படி திருப்பிக் கட்டியிருந்தாள்.

பதினோரு ஆண்டுகளாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது கலங்கினால் “மூச்சுக்குத் திரும்புங்கள்” என்பது வாயில் தானாக வந்துவிடும். அந்த மூச்சே ஒருவருக்கு வேலையாக இருக்கும் என்று அன்றுவரை எனக்கு உறைத்ததில்லை.

விரிப்புகளைச் சுருட்டும்போது சொன்னாள். நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி. அன்றிரவு இருந்த நெருக்கடியில் ஒருவருக்கு எண்ணாமலே 20 என்று எழுதிவிட்டாள். விடியும் நேரத்தில் அவரை ஐசியுவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

“இப்போது எப்படி இருக்கிறார்?”

“வீட்டுக்குப் போய்விட்டார் மேடம்.”

“அப்புறம் என்னம்மா? உன்னை நீயே மன்னித்துவிடு.”

அவள் தலையாட்டினாள். வயதில் மூத்தவர் சொல்கிறாரே என்பதற்காக ஆட்டுகிற தலை அது.

நான் சொன்னதில் என்ன தவறு என்று பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். இரவுப் பணி முடித்துவிட்டுக் கண்கள் சிவக்க நிற்கும் பெண்ணிடம் விசாரணையா நடத்த முடியும்? தன்னையே குத்திக்கொண்டிருப்பவர் அடுத்த வேலையிலும் தடுமாறுவார், பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆனால், அந்த நோயாளி வீடு திரும்பாதிருந்தால்? அவர் நலம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மன்னிக்கச் சொன்னேன். விளைவைப் பார்த்துவிட்டுக் காட்டிய கருணை அது. அவளுக்கு அது விளங்கியிருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் எழுதிய கட்டுரைகளில், ஒருவர் தன்மீதே காட்டும் பரிவுக்கு (self-compassion) மூன்று கூறுகளைச் சொன்னார்: தன்னிடம் கனிவு, எல்லா மனிதருக்கும் இது நேரும் என்ற உணர்வு, உள்ளதை உள்ளபடி பார்க்கும் கவனம். (இதைத் தமிழில் ‘தன்னிரக்கம்’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும், அது கழிவிரக்கம். ‘தன்பரிவு’ பரவாயில்லை.) நான் அவளுக்கு நீட்டியது முதலாவதை மட்டும். மூன்றாவதை அவளே செய்துகொண்டிருந்தாள். “எண்ணவில்லை, எழுதினேன்” என்று ஒரு சாக்கும் சேர்க்காமல் சொன்னவள் அவள். அதைக் கேட்டு முடிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

இரண்டாவதை ஏன் சொல்லவில்லை? அத்தனை படுக்கைகளை ஒருத்தி பார்த்தால் யாருக்கும் கை தவறும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு ஆள் பற்றாக்குறைக்குப் போயிருக்கும். அந்த வகுப்புக்கு எனக்குப் பணம் தருவது அதே மருத்துவமனை நிர்வாகம். அந்த நேரத்தில் தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைக்கவே விரும்புகிறேன் என்பதும் உண்மை.

இப்போதெல்லாம் தரையில் அழுந்தும் குதிகாலிலிருந்து கவனத்தைத் தொடங்கச் சொல்கிறேன். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுபவர்கள் உண்டு. படித்ததுதான், சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அதை மறந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே படுக்கலாமா என்று கேட்டாள். சரி என்றேன். நடுவில் பார்த்தபோது இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கை அவள் வயிற்றின் மேல் இருந்தது, உதடுகள் அசைந்தன. நிறுத்தச் சொல்லவேண்டுமா, இது தண்டனையா ஆறுதலா என்று தெரியாமல் நின்றேன்.

ஒரு நிமிடம் முடிந்ததும் கையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“16 மேடம்.”

தலையாட்டினேன்.